தொழில்நுட்பக் கல்வியுள் கலைப்பாடம்: நாஞ்சில் நாட்டுச் சான்றுகள் கொண்டு ஒரு நோக்கு

'கலை' என்னும் சொல் இன்று சிற்பம், ஓவியம், இசை, கூத்து என்றாற்போலும் நுண்தொழில்களையே குறிப்பதாய்ச் சுருங்கிவிட்டது. கல்லூரிகளுக்குப் பெயரிடுங்கால் 'கலை அறிவியல் கல்லூரி' என இரண்டையும் அடுத்தடுத்து வைக்கின்றோம். அங்ஙனம் வைத்தலே அவை வெவ்வேறு என்னும் எண்ணத்தைப் பிறப்பிக்கின்றது. முன்னைத் தலைமுறைத் தமிழறிஞர் இப்பிரிவினைக் கருதினாரல்லர். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் அறிவியற் பாடங்களுக்கென ஆக்கிய சொற்றொகுதி 'கலைச்சொற்கள்' என்றே பெயர் பெற்றது. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதலாகப் பத்துத் தொகுதிகளில் வெளியிட்ட பெருநூலின் பெயர் 'கலைக்களஞ்சியம்'; அதனுள் வேதியியலும் விலங்கியலும் இசையோடும் இலக்கணத்தோடும் அகரநிரலில் ஒருங்கமர்ந்தன. அதன் முதன்மைப் பதிப்பாசிரியராய் விளங்கிய பெரியசாமித் தூரன் கவிஞர். இசைப்பாடல் பல இயற்றியவர். 'பல்கலைக்கழகம்' என்னும் சொல்லிலும் கலை இப்பரந்த பொருளிலேயே நிற்கின்றது.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் இணைவு பெற்றுள்ள பல்கலைக்கழகம், 1990-இல் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் பெயர் தாங்கித் தோன்றியது. அவரை நாம் 1891-இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' பற்றியே நினைக்கின்றோம். அவர் திருவனந்தபுரத்தில் மெய்யியல் கற்பித்தவர் என்பதும், அறிவுத்துறைகளை வகைதொகை செய்து 'நூற்றொகை விளக்கம்' என்னும் உரைநடை நூல் ஒன்று யாத்தவர் என்பதும் வகுப்பறைகளில் மிகுதியும் பேசப்படுவதில்லை. நாடகம் இயற்றிய கையே அறிவுத்துறைகளின் இனங்களையும் பகுத்து எழுதிற்று. 1959-இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் சி. பி. ஸ்நோ என்பார், இலக்கியம் கற்றாரும் அறிவியல் கற்றாரும் ஒருவரோடொருவர் பேசற்கியலாத இருவேறு பண்பாட்டினராய்ப் பிரிந்துவிட்டனர் என்று வருந்தி உரையாற்றினார். நம் நாட்டில் அப்பிரிவு மேனாட்டுக் கல்விமுறையின் வழி வந்தேறியது. அதனை நீக்கும் முயற்சியும் இன்று கல்வித்திட்டத்தின் வழியே வருகின்றது. அம்முயற்சியினை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்ணா பல்கலைக்கழகம் தன் 2021-ஆம் ஆண்டு விதிகளின்கீழ்ப் பொறியியல் முதலாண்டு மாணவர் அனைவர்க்கும் இரண்டு பாடங்களைச் சேர்த்தது. முதற்பருவத்தில் 'தமிழர் மரபு'. இரண்டாம் பருவத்தில் 'தமிழரும் தொழில்நுட்பமும்'. ஒவ்வொன்றும் ஓரலகு மதிப்புடையது. ஒவ்வொன்றுக்கும் பாடவேளை 15. முன்னதனுள் மொழியும் இலக்கியமும், பாறை ஓவியம் முதல் இக்கால ஓவியம் வரை, நாட்டுப்புறக் கலையும் வீர விளையாட்டும், திணைக் கோட்பாடு, இந்திய விடுதலை இயக்கத்துக்கும் பண்பாட்டுக்கும் தமிழர் பங்களிப்பு என ஐந்து அலகுகள். பின்னதனுள் நெசவும் பானைத் தொழிலும், வடிவமைப்பும் கட்டுமானமும், உற்பத்தித் தொழில், வேளாண்மையும் நீர்ப்பாசனமும், அறிவியல் தமிழும் கணித்தமிழும் என ஐந்து. அலகொன்றுக்கு மூன்று பாடவேளை. நாகர்கோவிலை அடுத்த கோணத்தில் அமைந்த பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி முதலாக இம்மாவட்டத்துப் பொறியியற் கல்லூரிகள் பலவற்றிலும் இப்பாடங்கள் புகுந்தன. இதனால், எந்திரம் பயிலும் இளைஞர் முன் நின்று பேசும் வாய்ப்பு, தமிழ் கற்ற நம்மனோர்க்கு நெடுங்காலத்துக்குப் பின் கிட்டியது.

வாய்ப்புக் கிட்டியபின் செய்வது யாது? இதுவே வினா. பெரும்பாலும் நிகழ்வது பெருமையுரை. தமிழர் அன்றே இதனை அறிந்தனர், அன்றே அதனைச் செய்தனர் என அடுக்கிச் சொல்லி மணி ஒலிக்கக் கேட்டு வெளிவருகின்றோம். மாணவர் கைதட்டுவர், மறுநாள் மறப்பர். யானும் முதலாண்டில் இவ்வாறே நடத்தினேன். பொருளியக்கவியல் வகுப்பில் ஒவ்வொரு கூற்றுக்கும் 'ஏன்', 'எவ்வளவு' என்று வினவப் பழக்கப்படும் ஒருவர், தமிழ் வகுப்பில் மட்டும் அவ்விரு வினாக்களையும் வாயிற்படியிலேயே விட்டுவர வேண்டியவராகின்றார். இங்ஙனம் கற்பிக்கப்பெறும் கலைப்பாடம், தொழில்நுட்பக் கல்வியோடு இணைந்ததாகாது. அதன் அருகே வைக்கப்பெற்றதேயாம். நூற்கூற்றை அளந்தும் கணக்கிட்டும் ஐயுற்றும் நோக்கும் வழி புலப்பட்டாலன்றி இணைப்பு என்பது பெயரளவினதே. அவ்வழி நம் நூல்களிலேயே உண்டு என்பதற்கு ஒரு சான்று காட்டுவல்.

கட்டுமான அலகில் சிலப்பதிகாரத்து அரங்க அமைப்பு இடம்பெற்றுள்ளது. அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் அரங்கின் அளவுகளை வரையறுத்துக் கூறுகின்றார். புண்ணிய மலையில் நெடிது வளர்ந்ததும் கணுவுக்குக் கணு ஒரு சாண் இடையீடு உடையதுமான மூங்கிலைக் கொணர்ந்து, இருபத்துநான்கு விரல் அளவினதாகக் கோல் ஒன்று வகுத்து, அக்கோலால் ஏழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையதாய் அரங்கு அமைத்தனர். அரங்கிற் பரப்பிய பலகைக்கும் தூண்மேல் வைத்த உத்தரப்பலகைக்கும் இடைநிலம் நான்கு கோல், வாயில் இரண்டு. தூண்களின் நிழல் அவையிலும் அரங்கிலும் படாது புறத்தே செல்லுமாறு விளக்கு நிறுத்தினர். இவை யாவரும் அறிந்தனவே. தமிழ் வகுப்பில் இவற்றைச் சொல்லி, 'எத்துணை நுட்பம்' என்று வியந்து மேற்செல்வது வழக்கம்.

பொறியியல் வகுப்பில் அங்ஙனம் மேற்செல்ல இயலவில்லை. 'கோல் என்பது எத்தனை அடி?' என்று மாணவியொருவர் வினவினார். நல்ல வினா. விடை கூறப் புகுந்தபோதுதான் இடர் புலனாயிற்று. உரைகாரர், விரல் என்றது கைப்பெருவிரலை என்பர். பெருவிரலின் அகலம் ஏறத்தாழ ஓர் அங்குலம் எனக் கொண்டால் கோல் 24 அங்குலம், அதாவது 2 அடி. அரங்கு 16 அடி நீளமும் 14 அடி அகலமும் உடையதாகும். இடைநிலம் 8 அடி. இனி, பொதுவழக்கில் 12 விரல் ஒரு சாண், 24 விரல் ஒரு முழம் எனப்படும் விரலைக் கொண்டால், அதன் அளவு ஏறத்தாழ முக்கால் அங்குலம். கோல் 18 அங்குலமே. அப்போது அரங்கின் நீளம் 12 அடி, அகலம் 10½ அடி. இடைநிலம் 6 அடிதான். ஆறடி இடைவெளியில் கையை உயர்த்தி ஆடும் மாதவியின் விரல்கள் உத்தரத்தில் இடிக்கும் என்று அவ்வகுப்பினரே கூறினர். ஆகவே பெருவிரல் எனக் கொண்ட உரையே பொருந்தும் என்று முடிவு கட்டினர். யானும் உடன்பட்டேன்.

ஆயினும் வினா அத்துடன் முடியவில்லை. கணுவுக்குக் கணு ஒரு சாண் உள்ள மூங்கிலைத் தேர்ந்தது எதற்கு? சாண் பன்னிருவிரல் எனின், இரு கணுவிடைகள் சேர்ந்து சரியாக 24 விரலாகும். மூங்கிலே கோலாகவும் கணுவே கோலின் நடுக்குறியாகவும் அமைந்துவிடும். தச்சன் தனியே குறி இடவேண்டுவதில்லை. இது மிக அழகிய பொருத்தம். ஆனால் பொதுவிரல் கொண்டால்தான் இப்பொருத்தம் கிட்டும். பெருவிரல் கொண்டால் கோலின் நீளம் கூடி, நுனி கணுவைக் கடந்துவிடும். கணுவிடையை நோக்கின் ஒருவகையும், ஆடலை நோக்கின் மற்றொருவகையும் பொருந்துகின்றன. இரண்டும் ஒருங்கு நில்லா. பாடம் பற்றிய ஆராய்ச்சியும் உரை பற்றிய ஆராய்ச்சியும் அளவியலும் ஆடற்கலையும் இவ்வொரு முடிச்சில் வந்து கூடுகின்றன. இலக்கியம் கற்றார் மட்டும் இதனை அவிழ்க்கவல்லரல்லர். பொறியியல் கற்றாரும் மட்டும் வல்லரல்லர். விளக்கு நிறுத்தும் செய்தியும் இத்தகையதே. தூணின் இடமும் விளக்கின் உயரமும் தெரிந்தால் நிழல் விழும் எல்லையைப் பள்ளி மாணவனும் வரைந்து காட்டலாம்.

மற்றொரு சான்று நம் கடற்கரையிலேயே நிற்கின்றது. கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை 2000-ஆம் ஆண்டு சனவரி முதல்நாள் திறக்கப்பெற்றது. 2024 டிசம்பர் 30-இல் அதற்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலமும் திறக்கப்பட்டமையால், இன்று காண்போர் கடல்மேல் நடந்தே சென்று சேர்கின்றனர். சிலையை வடிவமைத்தவர் கணபதி ஸ்தபதி. அவர் மாமல்லபுரத்தில் 1957-இல் தோன்றிய சிற்பக்கலை நிறுவனத்துக்கு நெடுங்காலம் தலைமை தாங்கியவர். அந்நிறுவனம் பின்னர்க் கல்லூரியாய் வளர்ந்து, மரபுவழிக் கட்டடக்கலைக்குத் தொழில்நுட்ப இளநிலைப் பட்டமே வழங்குவதாயிற்று என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தபதியின் கலை தொழில்நுட்பமே என்பதை அரசே ஒப்பியது போலும்.

பாடத்திட்டத்தில் இச்சிலை எங்கு வைக்கப்பெற்றது? 'தமிழர் மரபு' என்னும் முதற்பாடத்தில், சிற்பங்களோடும் சுடுமண் உருவங்களோடும் ஒருங்கு. 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்னும் இரண்டாம் பாடத்துக் கட்டுமான அலகில் மாமல்லபுரம், சோழர் பெருங்கோயில்கள், மதுரை மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், செட்டிநாட்டு வீடுகள் ஆகியன உண்டு, இச்சிலை இல்லை. 7000 டன் எடையுள்ள கல்லை அலைகடல் நடுவண் 133 அடி உயரத்துக்கு அடுக்கியது கலை. செட்டிநாட்டு வீடு தொழில்நுட்பம்! பிரிக்கலாகாததனைப் பிரித்ததன் விளைவு இது.

சிலையின் உயரத்தை வகுத்தது இலக்கியம். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கப் பீடம் 38 அடி. பொருட்பாலின் 70-உம் இன்பத்துப்பாலின் 25-உம் கூடிய 95 அடி திருவுருவம். அறத்தின்மேல் பொருளும் இன்பமும் நிற்பன என்னும் கருத்து இதனாற் பெறப்படும். இதுவரை எல்லோரும் சொல்வர். இவ்வெண்களைச் சற்றே வகுத்துப் பார்த்தால் மற்றொன்றும் விளங்கும். 38 என்பது 19-இன் இருமடங்கு; 95 என்பது 19-இன் ஐம்மடங்கு. பீடத்துக்கும் உருவத்துக்கும் உள்ள விகிதம் பிழையின்றி 2:5. வள்ளுவர் அதிகாரங்களை வகுத்தபோது சிலையை எண்ணியிருக்க இயலாது, இது தற்செயலே. ஆயினும் இலக்கியம் தந்த ஓர் எண், கட்டடத்துக்குரிய செவ்விய விகிதமாகவும் அமைந்தது எனச் சுட்டியபோது, அதுவரை சன்னலுக்கு வெளியே நோக்கியிருந்த மாணவர் சிலர் தாளை எடுத்து வகுத்துப் பார்த்தனர்.

உயரத்தினும் அரிய செய்தி நிலை. வள்ளுவர் நேராய் நிமிர்ந்து நிற்கவில்லை; இடையில் சிறிது ஒசிந்து நிற்கின்றார். செப்புத்திருமேனியில் இவ்வொசிவு எளிது. செம்பு இழுவிசையைத் தாங்கும். கல்லோ அமுக்கத்தைத் தாங்குமேயன்றி இழுவிசையை மிகுதியும் தாங்காது. ஆகவே அடுக்கிய கற்களில் எடையின் வழி அடித்தளத்தின் நடுப்பகுதியை விட்டு விலகாதிருத்தல் வேண்டும் என்பது கட்டுமானவியலின் அடிப்படை. தபதியார் முதலில் மரத்தால் மாதிரியுருவம் ஒன்று அமைத்து, உடலின் நடுவே செல்லும் சூத்திரக்கோட்டை ஆய்ந்தபின்னரே கற்பணியைத் தொடங்கினார். சிற்ப நூலார் உருவத்தின் ஒசிவினை நடுநூலிலிருந்து எத்துணை விலகிற்று என்றே அளப்பர். அந்நூலும் பொறியியலார் கூறும் எடைக்கோடும் ஒன்றே எனல் பொருந்தாது. ஒன்று அழகினையும் ஆகமத்தையும் நோக்கியது, மற்றொன்று நிலைப்பினை நோக்கியது. எனினும் இரண்டும் ஒரே வினாவுக்கு இரு மரபினர் கண்ட விடைகள் என ஒப்பிட்டுக் கற்பிக்கலாம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை பாறையை மோதியபோது சிலைக்கு ஊறு நேரவில்லை. மாணவர் விடைத்தாளில் இதனைத் தவறாது எழுதுகின்றனர். ஏன் நேரவில்லை என்று எழுதுவார் அரியர். எடை எவ்வளவு, அலையின் தள்ளுவிசை பீடத்தின் எப்பகுதியைத் தாக்கும் என்று கேட்டால்தான் அது பாடமாகும்.

சிலையேனும் ஒரு பாடத்துள் இடம்பெற்றது. சுசீந்திரமும் பத்மநாபபுரமும் அப்பட்டியலில் பெயரளவிலும் இல்லை. நாஞ்சில் நாடு எனின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களையே முன்னையோர் குறிப்பர். கல்குளம் வட்டத்துப் பத்மநாபபுரம் அதன் புறத்தது. இன்றைய வழக்குப் பற்றி ஈண்டு இணைத்துக் கூறுகின்றேன். 1956 நவம்பர் முதல்நாள் இம்மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இன்றும் உள்ளது. மண் தமிழ்நாட்டினது, மனை கேரளத்தினது. பட்டியலில் விடுபட்டமைக்கு இதுவும் காரணமாகலாம். மரவேலைத் திறத்துக்குத் தென்னாட்டில் இதனினும் சிறந்த திறந்தவெளிப் பாடநூல் இல்லை. சிலப்பதிகாரம் கூறும் 'உத்தரம்' என்னும் சொல், இங்குள்ள தச்சர் நாவில் இன்றும் அதே பொருளில் வழங்குகின்றது என்பதனை மட்டும் சொல்லி அமைகின்றேன்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் பற்றி நம் நாட்டு வரலாற்றறிஞர் கே. கே. பிள்ளை 1953-இல் விரிந்த நூல் ஒன்று ஆங்கிலத்தில் வெளியிட்டார். அக்கோயில் அலங்கார மண்டபத்தில் இசைத்தூண் தொகுதிகள் நான்கு உள்ளன. இரண்டில் 33 சிறுதூண்களும் இரண்டில் 25 சிறுதூண்களும் உண்டு. ஒவ்வொரு தொகுதியும் ஒரே கல்லிற் செதுக்கியது. 'தூணுக்குள் துளையுண்டு' என்பது முதலாகப் பல கதைகள் வழங்குகின்றன. ஹம்பி விட்டலர் கோயிலின் இத்தகைய தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் கருவிகொண்டு ஆய்ந்து, தட்டுங்கால் தூண் வளைந்து அதிர்வதனாலேயே ஒலி எழுகின்றது எனக் கண்டனர். யாழ் நரம்பையும் இத்தூணையும் ஒப்பிடுவது தமிழாசிரியர்க்கு எளிது, மாணவர்க்கு வியப்பு. நரம்பு தடித்தால் ஒலி தாழும். தூண் தடித்தால் ஒலி உயரும். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கின் அதிர்வெண் இருமடங்காம். தூணின் நீளத்தைப் பாதியாக்கின் நான்மடங்காம். நரம்பு இழுவிசையால் மீள்கின்றது, கல் தன் விறைப்பால் மீள்கின்றது என்பதே காரணம். உயரம் ஒத்த தூண்களில் சுரங்களை வேறுபடுத்த, உளியால் எத்துணை சுரண்டுவது என்று சிற்பி செவியாலேயே முடிவு செய்திருத்தல் வேண்டும். சிறிது மிகைப்பட்டாலும் கல்லை மீட்டும் ஒட்ட இயலாது.

இனி, நூற்கூற்றை ஐயுற்று நோக்குதற்கு ஒரு சான்று. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் செய்யுளால் கணக்குக் கற்பித்த நூல். திண்ணைப் பள்ளிகளில் கணக்கும் செய்யுளும் ஒரே மூச்சில் கற்கப்பட்டன என்பதற்கு அத்தகைய நூல்களே சான்று. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ணும் வழி ஒன்று அதனுட் கூறப்பெறுகின்றது: காம்பருகே உள்ள முட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். இதனை மேடைகளில் முழங்குவார் பலர். பலாவை நாஞ்சில் நாட்டார் 'சக்கை' என்பர்; இரண்டாம் பருவம் நிகழும் கோடையிலேயே அது மலிந்து கிடைக்கும். பத்துப் பழங்களைக் கொணர்ந்து எண்ணிப் பார்த்தல் அரிதன்று. பலா ஒரு பூவின் கனியன்று; பல பூக்கள் திரண்ட கூட்டுக்கனி. மேல்முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் நுனி. கருவுற்ற பூவே சுளையாகும்; கருவுறாதன சுளைகளுக்கிடையே நார்போற் கிடக்கும். ஆதலின் முள்ளின் தொகைக்கும் சுளையின் தொகைக்கும் மாறா விகிதம் உண்டென்று எதிர்பார்த்தற்கு இடமில்லை. கணக்கு பொய்த்தால் காரிநாயனார்க்கு இழுக்கில்லை. பெருக்கலும் வகுத்தலும் மாணாக்கன் மனத்திற் பதியவேண்டி, அவன் நாவூறும் பொருளொன்றைத் தேர்ந்த நல்லாசிரியர் அவர். எண்ணிப் பாராமலே அதனை அறிவியலுண்மை என்று முழங்குதல்தான் நமக்கு இழுக்கு.

இதன்மேல் இரு தடைகள் கூறப்படலாம். மூன்று பாடவேளையில் ஓரலகை முடிக்க வேண்டிய இடத்தில் இத்துணை விரிவுக்கு இடமேது என்பது ஒன்று. பட்டியலில் உள்ள இருபது பெயர்களையும் சொல்லி முடிப்பதனினும், ஒரு பொருளை எடுத்து மூன்று வேளையும் ஆராய்தல் நன்று என்பது என் துணிபு; எஞ்சியன மாணவர் தாமே படிக்கத் தக்கனவே. தேர்வு வினாத்தாள் இதற்கு இடந்தராது என்பர். வினாத்தாள் அமைப்போரும் நம்மவரே யாதலின், 'சிலையின் உயரம் யாது' என்று கேட்குமிடத்தில் 'ஒசிந்து நிற்பினும் விழாமைக்குக் காரணம் யாது' என்று கேட்டல் நம் கையிலேயே உள்ளது.

மற்றது இதனினும் வலிய தடை. தமிழாசிரியர்க்கு அதிர்வியலும் எடைக்கோடும் தெரியுமோ? தெரியாது. எனக்கும் தெரியாமலே இருந்தது. இசைத்தூண் பற்றி மேலே கூறியவற்றை இயற்பியற் பேராசிரியர் ஒருவரிடம் இரண்டு மாலைப்பொழுது இருந்து கேட்டறிந்தேன். அவரும் அரங்கேற்று காதையை என்னிடம் கேட்டுப் படித்தார். ஒரே கல்லூரியில், ஒரே ஓய்வறையில், பன்னிரண்டு ஆண்டு உடனிருந்தும் அதற்கு முன்னர் நாங்கள் பாடம் பற்றிப் பேசியதே இல்லை.

அரங்கின் கோல் பற்றிய முடிச்சு இன்னும் அவிழவில்லை. அதனை அவிழ்த்தற்கு நூலகத்தினும் தச்சுப் பட்டறை மிகுதியும் உதவும் எனக் கருதுகின்றேன். மரபுத்தச்சர் வீடுகளில் முன்னோர் பயன்படுத்திய முழக்கோல்கள் இன்னும் சில எஞ்சியுள்ளன. அவற்றின் நீளத்தையும் அவற்றில் வெட்டப்பெற்ற விரற்குறிகளின் இடையீட்டையும் அளந்து, தச்சர் அவ்விரலை எவ்விரல் என்று வழங்குகின்றனர் என்பதையும் கேட்டு எழுதுதல் வேண்டும். தமிழ் முதுகலை மாணவர் ஒருவரும் பொறியியல் மாணவர் ஒருவரும் சேர்ந்து சென்றால், ஒருவர் சொல்லைக் குறிக்கலாம், மற்றவர் அளவைக் குறிக்கலாம். வரும் கோடை விடுமுறையிலேயே பத்மநாபபுரத்தை அடுத்த ஊர்களிலிருந்து இதனைத் தொடங்கலாம்.